மகள்களுக்கு மட்டும் சிவப்புக் கண்

“இது கொலைங்க. பட்டப்பகல்ல நடந்த கொலை” என்று சொல்லி, சின்ன மேடம் ஒரு கண்ணாடி பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

குனிந்து பார்த்தேன். உள்ளே ஐம்பது அறுபது பழ ஈக்கள். சில நடந்தன, சில பறந்தன, ஒரு ஜோடி ஓரமாக ஒதுங்கி நாம் பார்க்கக் கூடாத காரியத்தில் இருந்தது. பிணம் என்று சொல்லும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை.

“எல்லாம் உயிரோட தானே மேடம் இருக்கு?”

“அதான் கொலை” என்றார்.

மூன்று வாரமாக எங்கள் துப்பறியும் ஆபீசில் கேஸ் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்; இன்றுதான் சின்ன மேடம் தன் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார். அந்தப் பாவம்தான் இப்படி ஈயாகவே வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லியும் விட்டேன். எதையும் மனசுக்குள் பூட்டி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால்தான் பாஸ் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறார்.

“ரேடியோ, வால்யூமைக் குறை” என்றார் பாஸ்.

பாஸ் என்றதும் வாட்டசாட்டமான ஆளை நினைத்துக்கொள்ள வேண்டாம். குள்ளமான உருவம், தோளில் ஒரு துணிப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. கணக்கு டீச்சர் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அப்படி நினைத்து அவரிடம் வாயைக் கொடுத்த நாலைந்து பேர் இப்போது கம்பி எண்ணுகிறார்கள்.

“முதல்ல இருந்து சொல்லுங்க மேடம். எனக்கு ஈயைப் பத்தி ஒண்ணும் தெரியாது. காப்பியில விழுந்தா எடுத்துப் போடுவேன், அவ்வளவுதான்.”

சின்ன மேடம் சொன்னார். மூச்சு விடாமல் சொன்னார். நூறு வருஷம் கழித்து உலகம் எவ்வளவு சூடாக இருக்குமோ, அந்தச் சூட்டில் எந்த உயிர் மிஞ்சும், மிஞ்சுவது எப்படி மாறியிருக்கும் என்பது அவருடைய ஆராய்ச்சி. நூறு வருஷம் காத்திருக்க அவருக்கு ஆயுள் போதாது. ஈக்கு இரண்டு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அதனால் ஒரு சூட்டு ரூம் கட்டி, அதற்குள் ஈக்களை வளர்த்து, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வருகிறார். ஐந்து வருஷம், நூற்றுச் சொச்சம் தலைமுறை. வருங்காலத்தை அட்வான்ஸ் கொடுத்து வாடகைக்குப் பிடித்து வைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

“என் ஈ எல்லாத்துக்கும் வெள்ளைக் கண்ணு. வேணும்னே அப்படி எடுத்தேன். சாதாரண ஈக்குக் கண்ணு சிவப்பு. வெளி ஈ எதுவும் உள்ள நுழைஞ்சா உடனே தெரியணும்ல? இன்னிக்குக் காலைல பாத்தா, பத்துப் பாட்டில்ல மூணுல சிவப்புக் கண்ணு. யாரோ வெளி ஈயைக் கலந்துட்டாங்க. அஞ்சு வருஷ உழைப்பு நாசமாப் போச்சு.”

“யாரோன்னா?”

சின்ன மேடம் விரலை நீட்டினார். நடைபாதைக்கு அந்தப் பக்கம், எதிர் அறை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஓர் அம்மாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். அதே நெற்றி, அதே மூக்கு, தலையில் மட்டும் நரை கொஞ்சம் கூடுதல்.

“அது பெரிய மேடம். எங்க அக்கா” என்றார். “சிவப்புக் கண்ணு ஈ வச்சிருக்கறது இந்தக் கட்டடத்துல அவ மட்டும்தான்.”

சொந்த அக்கா. இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஏதோ கூட்டத்தில் அக்கா எழுந்து நின்று, ‘இவ அவசரப்படறா, சூட்டை இவ்வளவு வேகமா ஏத்தினா ஈக்குப் பழக நேரம் இருக்காது’ என்று நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். தங்கைக்கு மானம் போய்விட்டது. அன்றிலிருந்து எதிரும் புதிருமான அறையில் இருந்துகொண்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அம்மா வீட்டுக்குப் போவதுகூட முறை வைத்துத்தான். ஒரு ஞாயிறு இவர், மறு ஞாயிறு அவர்.

“டைரக்டர் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கார். அடுத்தவங்க ஆராய்ச்சியில கை வச்சா வேலை போயிடும், அதுதான் இங்க சட்டம். ஆதாரத்தோட வந்தா இன்னிக்கே அக்காவை வீட்டுக்கு அனுப்பிடறேன்னு சொல்லியிருக்கார். எனக்கு அந்த ஆதாரம் வேணும்.”

“உங்க அக்கா வேலையை விட்டுப் போகணும். அதுதானே உங்களுக்கு வேணும்?” என்று பாஸ் கேட்டார்.

“ஆமா” என்றார் சின்ன மேடம். சொல்லும்போது உதடு ஒத்துழைக்கவில்லை.

சூட்டு ரூமுக்கு ஒரே சாவி. அந்தச் சாவி எங்கே இருக்கும் என்று பாஸ் கேட்டார். சின்ன மேடம் கொஞ்சம் தயங்கிவிட்டு, “கஞ்சி ரூம்ல” என்றார்.

ஈக்குக் கஞ்சி காய்ச்சுவதற்கு ஓர் அறை, அதற்கு ஓர் ஆள். சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் போட்டு ஒரு பெரிய பாத்திரத்தில் கிண்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைக் கஞ்சி மாஸ்டர் என்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வருஷ உழைப்புக்கு இந்த ஆணிதான் காவல்.

“யார் வேணா எடுக்கலாமா?” என்று பாஸ் கேட்டார்.

“எடுக்கலாம். எடுத்தா எனக்குத் தெரியும்” என்றார் கஞ்சி மாஸ்டர். “நான் எங்க போறேன்? அடுப்பை விட்டா அந்த நடைபாதை. பெரிய மேடத்துக்குச் சின்ன மேடத்து கிட்ட ஏதாவது கேக்கணும்னா என்னைத்தான் அனுப்புவாங்க. சின்ன மேடத்துக்குப் பதில் சொல்லணும்னா திருப்பியும் என்னைத்தான். இடையில பத்தடி தூரம். என் செருப்பு தேஞ்சதே இதுலதான்.”

“பெரிய மேடம் சாவியை எடுத்தாங்களா?”

மாஸ்டர் கரண்டியை நிறுத்தினார். சின்ன மேடத்தைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், பிறகு கஞ்சியைப் பார்த்துக்கொண்டே, “எடுத்தாங்க. ஒரு ரெண்டு வாரம் இருக்கும்” என்றார்.

சின்ன மேடத்தின் முகம் வெற்றியில் சிவந்தது. உடனே வெளுத்தது. நடக்கக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது நடந்துவிட்டால் முகம் அப்படித்தான் ஆகும்.

“நீங்க ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டேனே. சின்ன மேடத்து கிட்ட ஏதாவது சொல்லணுமான்னு கேட்டேன். ‘வேண்டாம், சொல்ல வேண்டியதை உள்ளயே வச்சுட்டு வந்துட்டேன்’னாங்க. சாவியை மாட்டிட்டுப் போயிட்டாங்க.”

“கிளம்பலாம்” என்றார் சின்ன மேடம். “டைரக்டர் கிட்ட இவரே வந்து சொல்லட்டும். கேஸ் முடிஞ்சுது.”

“கேஸ் முடிஞ்சுது, கஞ்சியும் ரெடி. சாப்பிட்டுட்டுப் போலாமா பாஸ்?” என்றேன்.

பாஸ் நகரவில்லை. “உங்களுக்கு ஒரு சேதி வச்சுட்டுப் போயிருக்காங்க. அது கிடைச்சுதா உங்களுக்கு?”

“சேதியா? ஒண்ணும் இல்லை. நான் தினமும் உள்ள போறேன். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.”

“அப்ப அதைத் தேடிட்டு டைரக்டர் கிட்ட போவோம்” என்றார் பாஸ். “உங்க பேருக்கு வந்ததைப் படிக்காம புகார் கொடுக்கறது நல்லா இல்லை.”

சூட்டு ரூமைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். நூறு வருஷம் கழித்துப் பிறக்கப் போகிறவர்களுக்காக நான் அங்கே மனப்பூர்வமாக வருத்தப்பட்டேன். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போன சில நிமிஷத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓர் அலமாரி, அதில் பத்துப் பாட்டில், ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு அடைப்பு. பாஸ் அலமாரிக்கு மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பின்னால் கைவிட்டுத் துழாவினார். நான் பஞ்சைக்கூட முகர்ந்து பார்த்தேன். காகிதமும் இல்லை, கிறுக்கலும் இல்லை.

“இந்த மூணு பாட்டில்தான் சிவப்பு வந்ததா?” என்று பாஸ் கேட்டார்.

“ஆமா.”

அந்த மூன்று பாட்டிலின் கண்ணாடிச் சுவரெல்லாம் அழுக்கு. புழு ஏறி இறங்கிய தடம், ஒட்டிக்கொண்டிருந்த கூட்டுப் புழுத் தோல், கல்யாண வீட்டுப் பந்தி முடிந்த கோலம். மீதி ஏழு பாட்டில் பளிச்சென்று இருந்தன. உள்ளே கொஞ்சம் வயசான ஈக்கள் மட்டும் சோம்பலாக உட்கார்ந்திருந்தன.

“இந்த ஏழும் பரவாயில்லை மேடம். நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க. இடத்தைச் சுத்தமா வச்சிருக்கு” என்றேன்.

“அதுங்க லேட்” என்றார் சின்ன மேடம் எரிச்சலாக. “இந்தத் தடவை சூடு ஏத்தினதுல கொஞ்சம் மெதுவா வருது. முட்டை இட்டிருக்கு, புழு வரணும். வந்துடும். அந்த மூணுல புழு வந்ததுமே பழைய ஈயை எல்லாம் பாக்காம கொட்டிட்டேன், இப்ப இருக்கறது புதுசா பிறந்தது.”

பாஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் உளறும்போது வழக்கமாகப் பார்க்கிற பார்வை அது இல்லை. உளறலுக்கு நடுவில் ஏதோ உருப்படியாக விழுந்துவிட்டால் பார்க்கிற பார்வை. அது என்ன என்று எனக்குத் தெரியாததால் பெருமையோடு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

“நீங்க அந்த மூணு பாட்டிலையும் எடுத்துட்டு உங்க ரூம்ல இருங்க மேடம். நாங்க எதிர் ரூம் வரைக்கும் போயிட்டு வர்றோம்” என்றார் பாஸ்.

பெரிய மேடம் தலையை நிமிர்த்தவில்லை. ஐஸ்மேல் வைத்து மயங்கச் செய்த ஈக்களை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கொட்டி, ஒரு மெல்லிய பிரஷ்ஷால் பிரித்துக்கொண்டிருந்தார். பெண் ஈ வலது பக்கம், ஆண் ஈ இடது பக்கம். பெண்களுக்குப் புது பாட்டில். ஆண்களுக்கு எண்ணெய்க் கிண்ணத்தில் சமாதி. ஓர் ஆணாக அந்த அறையில் நிற்பது எனக்கு அவ்வளவு சௌகரியமாக இல்லை.

“உங்க தங்கச்சி ரூம்ல ஈயைக் கலந்தது நீங்கதானா?” என்று பாஸ் நேரடியாகக் கேட்டார்.

“ஆமா.”

நான் பாஸைப் பார்த்தேன். இருபது கேஸில் ஒருவர்கூட இவ்வளவு மரியாதையாக ஒப்புக்கொண்டதில்லை.

“எதுக்கு?”

“அது எனக்கும் அவளுக்கும் நடுவுல.”

“உங்க வேலை போயிடும்னு தெரியுமா?”

“தெரியும்.” பிரஷ் நிற்கவில்லை. “அவ வந்து கேட்டா சொல்றேன். இந்தப் பத்தடி நடந்து வந்து, ஏன்கா இப்படிப் பண்ணேன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். ஆள் வச்சுக் கேட்டா சொல்ல மாட்டேன். அவளுக்கு அவ்வளவு ரோஷம் இருந்தா எனக்கும் இருக்கும்ல? ஒரே வயித்துல பிறந்தவங்கதானே.”

“உள்ள சேதி வச்சுட்டு வந்தேன்னு சொன்னீங்களாம். அங்க காகிதம் எதுவும் இல்லையே.”

“காகிதம்னு நான் சொன்னேனா?”

பாஸ் அதற்குமேல் கேட்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அலமாரி ஓரமாக நடந்தார். வரிசையாகப் பாட்டில்கள். ஓரிடத்தில் நின்றார்.

“இதுல இருக்கறதுக்கு வெள்ளைக் கண்ணு மாதிரி இருக்கே?”

“ஆமா. ரெண்டும் வச்சிருக்கேன். எதுக்கும் தேவைப்படும்.”

“அப்ப ஒரு சந்தேகம் மேடம். திருட்டுத்தனமா கலக்கறவங்க வெள்ளையைத்தானே போட்டிருக்கணும்? வெள்ளையோட வெள்ளை சேந்துடும், யாருக்கும் தெரியாது. கையிலேயே வெள்ளை இருக்கும்போது சிவப்பை ஏன் எடுத்துட்டுப் போனீங்க?”

அப்போதுதான் பெரிய மேடம் தலையை நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது. ரொம்ப நேரம் மைக்ராஸ்கோப்பைப் பார்த்ததால் இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன்.

“நல்ல கேள்வி” என்றார். “அதை அவ கேட்டிருக்கணும். இந்த ஊர்ல அவளை விட நல்லா ஈ படிக்கத் தெரிஞ்சவ யாரும் கிடையாது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு நினைக்காதீங்க, அவளே கத்துக்கிட்டா.”

நடைபாதையில் பாஸ் நின்றார். “ரேடியோ, உனக்கு என்ன தோணுது?”

“பெரிய மேடம் தப்பு பண்ணியிருக்காங்க, ஒத்துக்கிட்டாங்க. இதுக்கு மேல தோண என்ன பாஸ் இருக்கு? அதுவும் மாட்டிக்கிறதுக்குன்னே சிவப்பைப் போட்டிருக்காங்க.”

“மாட்டிக்கிறதுக்கு இல்லை. கண்ணுல படறதுக்கு” என்றார் பாஸ். “வா.”

சின்ன மேடம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மேடம், அந்த மூணு பாட்டில்ல ஒண்ணை ஐஸ்ல வச்சு, ஆண் தனி பெண் தனியாப் பிரிச்சுக் காட்டுங்க” என்றார் பாஸ்.

“இப்ப எதுக்கு அதெல்லாம்? நேரம் ஆகுது. சிவப்பு இருக்குன்னு காலைலயே பாத்தாச்சே.”

“சிவப்பு இருக்குன்னு பாத்தீங்க. யாரு கிட்ட இருக்குன்னு பாத்தீங்களா?”

சின்ன மேடம் பாட்டிலை ஐஸ்மேல் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் ஈக்கள் ஒவ்வொன்றாகக் காலை மடக்கிக்கொண்டு தூங்கிவிட்டன. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கொட்டிப் பிரித்தார். ஆணை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அளவில் சின்னது, பின்பக்கம் கறுப்பு என்றார். சேற்றில் உட்கார்ந்து எழுந்த சின்னப் பையன் என்று மனசில் குறித்துக்கொண்டு நானும் எட்டிப் பார்த்தேன்.

வலது பக்கம் பெண்கள். இடது பக்கம் ஆண்கள். குவியல் இரண்டும் வளர வளர, சின்ன மேடத்தின் பிரஷ் மெதுவாகிக்கொண்டே வந்தது.

“இடது பக்கம் ஒரு சிவப்புக்கூட இல்லையே” என்றேன்.

“பையன்களுக்கு வராது” என்றார் சின்ன மேடம், தூக்கத்தில் பேசுவதுபோல. “கண்ணு நிறத்தைப் பையன் அம்மா கிட்ட இருந்து மட்டும்தான் வாங்குவான். அம்மா வெள்ளைன்னா பையனும் வெள்ளைதான், அப்பா யாரா இருந்தாலும். பொண்ணுக்கு ரெண்டு பேரும் கொடுப்பாங்க. அதுல ஒருத்தர் சிவப்பு கொடுத்தாப் போதும், வெள்ளை அமுங்கிடும்.”

“அப்ப பொண்ணோட கண்ணைப் பாத்தா அப்பா யாருன்னு சொல்லிடலாம்” என்றார் பாஸ்.

“சொல்லிடலாம்.”

“வெளியில இருந்து பெண் ஈ வந்திருந்தா?”

“அதோட பையன்களுக்கும் சிவப்பு வந்திருக்கும். இங்க அப்படி இல்லை. வந்ததெல்லாம் ஆண்தான். ஆணா பாத்துப் பொறுக்கிப் போட்டிருக்கா.” அவருக்குக் கோபம் திரும்பி வந்தது. “பாத்தீங்களா? பறந்து வந்த ஈயா இருந்தா இவ்வளவு சுத்தமா ஆண் மட்டும் வராது. இது கைவேலை. எங்க அக்காவோட கைவேலை.”

“அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அதுல வழக்கு இல்லை” என்றார் பாஸ். “இப்ப வலது பக்கம் பாருங்க. உங்க வெள்ளைக் கண்ணு ஆண்களும் அதே பாட்டில்லதானே இருந்துது? அதுங்களுக்கும் பொண்ணு பிறந்திருக்கணுமே. வெள்ளைக் கண்ணோட ஒரே ஒரு பொண்ணு காட்டுங்க. போதும், நாங்க கிளம்பிடறோம்.”

சின்ன மேடம் குனிந்தார். பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. அடுத்த பாட்டிலை ஐஸில் வைத்தார். அதிலும் பெண்கள் அத்தனையும் சிவப்பு. மூன்றாவது பாட்டிலைத் தொடாமலே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“இல்லை” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பாஸ், தமிழ்ல சொல்லுங்களேன்.”

“இந்த மூணு பாட்டில்ல பிறந்த அத்தனை பொண்ணுக்கும் அப்பா வெளியூர்க்காரன். உள்ளூர் ஆம்பளை ஒருத்தனுக்குக்கூட ஒரு குழந்தை இல்லை. சரி, வெளியூர்க்காரன் கெட்டிக்காரன், முந்திக்கிட்டான்னு வச்சுப்போம். ஆனா வெளியூர்க்காரன் போகாத பாட்டில் ஏழு இருக்கே. அங்க போட்டிக்கு யாரும் இல்லை. அங்க எத்தனை குழந்தை?”

சுத்தமான ஏழு பாட்டில். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்று நான் சான்றிதழ் கொடுத்த ஏழு பாட்டில். பிள்ளையே இல்லாத வீட்டில் சுவர் எப்படி அழுக்காகும்?

“அது லேட் இல்லை” என்றார் சின்ன மேடம். “முட்டை எல்லாம் வெறும் முட்டை. கடைசியா சூடு ஏத்தினப்பவே ஆண் எல்லாம் மலடாயிடுச்சு. நான் பாக்கல. டைரக்டர் முன்னால பேசறதுக்குப் படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தேன். தினம் உள்ள போனேன், சூட்டைக் குறிச்சேன், வந்துட்டேன். அவ சூட்டு ரூம் கண்ணாடி வழியாப் போற வர்ற வழியில பாத்துட்டா.”

“பாத்துட்டு வந்து சொல்ல முடியாது. பேச்சு வார்த்தை இல்லை” என்றார் பாஸ். “கஞ்சி மாஸ்டர் கிட்ட சொல்லி அனுப்பலாம். ஆனா ‘உன் ஆராய்ச்சி படுத்துடுச்சு, நான் அன்னிக்கே சொன்னேன்’னுதான் அது உங்க காதுல விழும். அதனால மூணு பாட்டில்ல மட்டும் சிவப்பைப் போட்டுட்டு, மீதி ஏழைத் தொடாம விட்டுட்டாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா உங்களுக்குப் புரியும்னு நம்பினாங்க. மேடம், உங்க அக்கா வச்ச சேதி இந்த ஈதான்.”

“நான் சிவப்பைப் பாத்தேன். அக்காவை நினைச்சேன். அதோட நிறுத்திட்டேன்.” சின்ன மேடம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். “முதல் வருஷம் படிக்கிற பசங்களுக்கு இதைத்தான் பாடம் எடுக்கறேன். ஒரு பாட்டில்ல சிவப்பு வந்தா முதல்ல ஆணா பெண்ணான்னு பாருங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன்.”

நான்தான் கேட்டேன். இந்த மாதிரி நேரத்தில் அசட்டுக் கேள்வி கேட்பதற்குத்தான் எனக்கு வேலையே.

“அப்ப நூறு வருஷம் கழிச்சு என்ன மேடம் ஆகும்? எல்லாம் செத்துடுமா?”

“நானும் அப்படித்தான் நினைச்சு ஆரம்பிச்சேன்” என்றார். “எந்தச் சூட்டுல சாகும்னு பாக்கணும்னு. ஒண்ணும் சாகல. பாருங்க, நல்லாத்தான் இருக்கு. பறக்குது, சாப்பிடுது, ஜோடி சேருது. பாக்கறவங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. தொட்டில் மட்டும் காலியா இருக்கும்.” தான் சொன்னதைத் தானே ஒருமுறை கேட்டதுபோல நிறுத்தினார். “சாகற சூடு ரொம்பத் தள்ளி இருக்கு. அதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சுடும். அஞ்சு வருஷமா நான் தேடின பதில் அந்த ஏழு பாட்டில்ல இருந்திருக்கு. நான் லேட்டு லேட்டுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. டைரக்டர். அறை சின்னது என்பதால் அவர் குரல் எங்களுக்கும் கேட்டது. ஆதாரம் கிடைத்ததா, எப்போது வருகிறீர்கள் என்றார். பெரிய மேடத்தை அனுப்புகிற உத்தரவு தயாராக இருக்கிறது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றார்.

சின்ன மேடம் எழுந்து நின்றார்.

“ஆதாரம் கிடைச்சுது சார். ஆனா புகார் இல்லை. அக்கா என் ரூமுக்குள்ள வந்தது எனக்குத் தெரிஞ்சுதான். எனக்குத்தான் மறந்து போச்சு. நாங்க பேசித் தீத்துக்கிட்டோம்.”

டைரக்டர் என்னவோ கத்தினார். சின்ன மேடம், “சரிங்க சார், சரிங்க சார், என் தப்புதான் சார்” என்று சொல்லி வைத்துவிட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பது காது மடல் சிவந்திருந்ததிலேயே தெரிந்தது.

“பேசித் தீத்துக்கிட்டீங்களா? எப்ப மேடம்?” என்றேன்.

“இப்ப” என்று சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்தார்.

அந்தப் பத்தடியை அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பாதி வழியில் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கஞ்சி ரூம் வாசலில் மாஸ்டர் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சேதி கொண்டுபோக யாரும் தன்னைக் கூப்பிடவில்லையே என்று அவருக்குக் குழப்பம். நானும் பாஸும் கௌரவமான தூரத்தில், அதாவது எல்லாம் காதில் விழுகிற தூரத்தில், பின்னால் போனோம்.

பெரிய மேடம் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. பிரஷ் மட்டும் அந்தரத்தில் நின்றது.

“ஏன்கா இப்படிப் பண்ணே?” என்றார் தங்கை.

“வாயைத் திறந்து சொன்னா நீ கேப்பியா?”

“கேட்டிருக்க மாட்டேன்.”

“அதான்.”

“ஆனாலும் என் ரூம்ல கை வச்சது தப்பு.”

“தப்புதான். நான் இல்லைன்னா சொன்னேன்? நீ அழிஞ்சு போறதைப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியல. வேற வழி தெரியல எனக்கு.” அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். “அந்த ஏழு பாட்டில்ல கிழட்டு ஈங்க இன்னும் உயிரோட இருக்கா?”

“இருக்கு. புழு வரட்டும்னு கொட்டாம விட்டு வச்சிருந்தேன்.”

“அப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. இன்னிக்கே ரெண்டு டிகிரி இறக்கு. ஆணுங்க ஒரு வாரத்துல தேறிக்கும், திருப்பியும் குழந்தை பிறக்கும். அப்புறம் மெதுவா ஏத்து. நூறு தலைமுறையாவது பழகட்டும். நீ மட்டும் வருங்காலத்துக்கு ஓடிப் போய் நின்னா ஆச்சா? அதுங்களும் வந்து சேர வேண்டாமா?”

இதே பேச்சைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நூறு பேர் நடுவில் சொல்லியிருக்கிறார். இப்போது சண்டை மறுபடி ஆரம்பிக்கப் போகிறது என்று நான் பாஸின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். சின்ன மேடம் சண்டை போடவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பெண்போல மூக்கை உறிஞ்சினார்.

“நூறு தலைமுறைன்னா நாலு வருஷம் ஆகும்கா.”

“ஆகட்டுமே” என்று பெரிய மேடம் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். “நான் எங்க போகப் போறேன்? எதிர் ரூம்தானே.”